ஞாயிற்றுக்கிழமை மாலை வெளிச்சம்

லூர்துசெல்விக்கு வெயில் ஆகாது என்று திண்டிவனத்தில் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவரை வெயிலில் பார்த்தவர்கள் குறைவு என்பதுதான் காரணம். 1993-இல் முகையூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஸ்டுடியோவின் உட்புறத்திலேயே இருந்தார். கணவர் இன்னாசிராஜ் வெளியே போய்ப் படம் எடுத்து வருவார். செல்வி அதை இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் முகத்துப் புள்ளிகளை மறைப்பார். கலர் லேப் வந்தபோது இருட்டறை போயிற்று. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மேசை மாறியதே தவிர அவர் உட்கார்ந்த இடம் மாறவில்லை.

அடுத்தவர் எடுத்த படங்களை இருபது வருஷம் திருத்தியதில் ஒன்று அவருக்குப் பழகிவிட்டது. மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் விழுந்திருக்கிறது என்று பார்த்தே படம் எடுத்த நேரத்தைச் சொல்லிவிடுவார்.

“இது மூணு மணி வெயில்தானே? பொண்ணு கண்ணைச் சுருக்கிக்கினு நிக்குது பாருங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா இன்னா?”

“நான் பொறுப்பேன். மாப்பிள்ளை பொறுப்பானா? அவனுக்குப் பசி,” என்பார் இன்னாசிராஜ்.

2014-இல் இன்னாசிராஜுக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. பைக் ஓட்டக் கூடாது, பை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வாரமே தேவநாதன் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவரும் போட்டோகிராபர்தான். விக்கிரவாண்டியில் கடை வைத்திருந்தார். வட்டாரத்துப் போட்டோ, வீடியோக்காரர்கள் அவர் பேச்சைக் கேட்பார்கள்.

“அண்ணே, உடம்பைப் பாத்துக்கோங்க. அண்ணி, வெளி ஆர்டரு எது வந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கறேன்.”

“நீங்க ஏன் தம்பி அலையணும்? நான் போறேன்,” என்றார் செல்வி.

“எங்க?”

“ஆர்டருக்கு.”

தேவநாதன் இன்னாசிராஜைப் பார்த்துச் சிரித்தார். இன்னாசிராஜும் பாதி சிரித்துவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மீதியை விழுங்கிக்கொண்டார். அந்த மாதமே செல்வி ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

வெளியே படம் எடுப்பதில் பாதி வேலை இடம் பார்ப்பது. எந்த இடத்தில், எந்த நேரத்தில், வெளிச்சம் எப்படி விழும் என்று முன்கூட்டியே போய் நின்று பார்க்க வேண்டும். ஆண்கள் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஏரிக்கரையில் சும்மா நின்றால் ஊரே கேட்கும். அதனால் இருந்த இடத்திலிருந்தே இடம் பார்க்க வழி உண்டா என்று செல்வி தேடினார். போனில் ஓர் ஆப் கிடைத்தது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டால் அங்கிருந்து இரண்டு கோடுகள் கிளம்பும். மஞ்சள் கோடு சூரியன் உதிக்கும் திசை, சிவப்புக் கோடு மறையும் திசை. தேதியை நகர்த்தினால் கோடுகளும் நகரும். போனைத் தூக்கி வானத்தைக் காட்டினால், சூரியன் போகப்போகும் பாதை திரையில் ஒரு வளைவாகத் தெரியும்.

அவர் அதை உடனே நம்பிவிடவில்லை. ஆப் சொன்ன இடத்தில்தான் சூரியன் மறைகிறதா என்று மொட்டை மாடியில் நின்று பார்த்து, கைப்பிடிச் சுவரில் கரிக்கோடு போட்டுவைத்தார். மழைக்காலம் போய், பனி போய், கோடை வந்தது. கோடுகள் தெற்கிலிருந்து வடக்காக ஒரு சீப்பின் பற்களைப் போல வரிசையாக நின்றன.

“சுவத்துல இன்னா கணக்கு? பால்காரருக்கா?” என்று கேட்டார் இன்னாசிராஜ்.

“சூரியனுக்கு. ஒரு நாள்கூட ஏமாத்தல.”

அதற்குப் பிறகே ஆப்பை நம்பி ஆர்டர் வாங்க ஆரம்பித்தார். காதணி விழா, மஞ்சள் நீராட்டு, பொம்மையார்பாளையம் கடற்கரையில் ஒரு நிச்சயதார்த்த ஜோடி என்று சின்னச் சின்ன வேலைகள்தான். முழுக் கல்யாணத்தை யாரும் தரவில்லை. முகூர்த்தத்துக்குப் பெண் போட்டோகிராபரை நிறுத்த எந்தக் குடும்பமும் துணியவில்லை.

முதலில் துணிந்தவள் சித்ரா. விக்கிரவாண்டிக்கு மேற்கே உள்ளே தள்ளியிருந்த ஒரு கிராமத்துப் பெண். அப்பா வேங்கடேசன், மல்லாட்டை என்று அங்கே சொல்லும் நிலக்கடலையும் கரும்பும் போடுகிறவர். அடுத்த தை மாதம் திங்கட்கிழமை காலை விக்கிரவாண்டியில் முகூர்த்தம், ஞாயிறு மாலை பெண் அழைப்பு. மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்குத் தேவநாதனைப் பேசியிருந்தார்கள். போட்டோவையும் அவரிடமே கொடுத்துவிடலாம் என்பது வேங்கடேசனின் எண்ணம். தோழியின் கடற்கரைப் படங்களைப் பார்த்துவிட்டு, செல்விதான் வேண்டும் என்று சித்ரா பிடிவாதம் பிடித்தாள்.

“மண்டபத்துல எடுக்கற படம் எல்லாருக்கும் ஒண்ணுதான்க்கா,” என்றாள். “எனக்கு எங்க ஏரியில ஒண்ணு வேணும். சாயங்கால வெயில்ல, கல்யாணப் பொடவையில. அந்த ஏரியில நீஞ்சினதுக்கு எங்க அத்தைகிட்ட நான் வாங்காத ஒதை இல்ல. கல்யாணப் பொண்ணா அதே கரையில போய் நிக்கணும்.”

அதற்குக் கிடைக்கிற நேரம் பெண் அழைப்புக்குப் புறப்படும் ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். மாலை வெயில் மஞ்சளாகி, முகத்தில் இதமாகப் படுகிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் மணப்பெண் வாசல் தாண்டக் கூடாது. இதனால் ஞாயிறு மாலை வெளிப்படம் கிடையாது என்பது அந்த வட்டாரத் தொழிலில் எழுதாத சட்டம். மூன்று மணி வெயிலில் எடுத்து, பின்னால் கம்ப்யூட்டரில் ஒரு சூரியனை ஒட்டிக்கொடுப்பார்கள். செல்வியே அப்படி எத்தனையோ சூரியன்களை ஒட்டியவர். ஒட்டிய சூரியன் ஒரு பக்கம் இருக்கும், முகத்து நிழல் வேறு கதை சொல்லும்.

“ஒட்டித் தர மாட்டேன். நெஜமா எடுத்துத் தர்றேன்,” என்று சித்ராவிடம் சொல்லிவிட்டார். எப்படி என்று அப்போது அவருக்கே தெரியாது.

அன்று ஆப்பில் சித்ராவின் ஊர் ஏரியைத் தொட்டு, தேதியை நகர்த்திப் பார்த்தார். கார்த்திகை ஞாயிறுகளில் ராகு காலம் முடிவதற்குள் சூரியன் போய்விடுகிறது. எழுதாத சட்டம் வந்தது அந்த ஞாயிறுகளைப் பார்த்துத்தான்; மற்ற மாதங்களுக்கு யாரும் திரும்பக் கணக்குப் பார்க்கவில்லை. தேதியைத் தை மாதத்துக்குத் தள்ளினார். சூரியன் மறையும் நேரம் மெல்ல மெல்ல ஆறைத் தாண்டியது. சித்ராவின் ஞாயிறில் ஆறு மணி எட்டு நிமிஷம். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். ராகு ஆறோடு முடிகிறது. அந்த எட்டு நிமிஷம் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

சித்ராவிடம் போனில் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெண்ணை ஏற்றிய வண்டி ஊரை விட்டுக் கிளம்பும்போது ஏரிக்கரை ஐயனார் கோயிலில் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஏரிக்குக் கிழக்கே கரை, மேற்கே தண்ணீர். கரையில் நின்றால் சூரியன் தண்ணீருக்கு மேல் இறங்கும்.

இதற்குமேல் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. மார்கழியில் ஒரு மாலை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, டோல்கேட்டைத் தாண்டி, அந்த ஊருக்குப் போனார். அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்திருந்ததால் ஏரி தளும்பி நின்றது. கரையில் ஏறி, போனை மேற்கே நீட்டி, அங்கும் இங்கும் நகர்ந்தார். ஆடு ஓட்டிவந்தவர் நின்றார். மல்லாட்டைக்குக் களை வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்றார்கள்.

“யாரும்மா நீ? இன்னாத்த அளக்கிற?”

“அளக்கலீங்க. சூரியனைப் பாக்கறேன்.”

“ஏன், உங்க ஊர்ல சூரியன் வர்றதில்லியா?”

களை வெட்டிய பெண்களில் ஒருத்தி, “பிளாட் போடறவங்கதான் இப்பிடிப் போனைத் தூக்கிக்கினு சுத்துவாங்க. போன வருஷம் ரோட்டுப் பக்கம் அப்பிடித்தான் வந்தாங்க, இப்ப அங்க கல்லு நட்டுட்டாங்க,” என்றாள்.

“இது ஏரி தாயி. தண்ணியில யாரு பிளாட் வாங்குவா?”

“வாங்குவாங்க, வாங்குவாங்க. எல்லாத்துக்கும் ஆளு இருக்குது.”

யாரோ வேங்கடேசனுக்குப் போன் செய்துவிட்டார்கள். அவர் பைக்கில் வந்தார். பின்னால் தேவநாதன் உட்கார்ந்திருந்தார். பத்திரிகை வைக்கப் போன வேங்கடேசனும் வீடியோ விஷயமாக அவரைப் பார்க்க வந்த தேவநாதனும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார்கள்.

“இன்னாம்மா இது, ஆம்பள தொணையில்லாம கரையில நின்னுக்கினு? எனக்கு ஊர்ல பேஜாருப்பா,” என்றார் வேங்கடேசன்.

“இடம் பாக்காம எப்பிடிண்ணே படம் எடுக்கறது?” செல்வி போனைக் காட்டி விளக்கினார். எதிர்க்கரை நெடுக வேலிக்காத்தான் முள்மரங்கள் அடர்ந்திருந்தன. ஒரே ஓரிடத்தில், ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலுக்காக அவற்றை வெட்டியிருந்தார்கள். “அந்த இடைவெளியிலதான் அன்னைக்கு இறங்கும். ஐயனார்கிட்ட சித்ரா நின்னா தண்ணியில நேரா கோடு போட்ட மாதிரி வெளிச்சம் வரும்.”

மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அன்றைய சூரியன் இறங்கியது. இடைவெளியில் இல்லை. அதற்கு நன்றாகத் தெற்கே தள்ளி, முள்மரங்களுக்குள் போய்ச் சிக்கி, கலங்கிய சிவப்பாகக் காணாமல் போனது.

தேவநாதன் கைதட்டினார். “அண்ணி, உங்க சூரியன் முள்ளுல மாட்டிக்கிச்சி!”

“இது மார்கழி. தையில வடக்கே நகந்துடும்.”

“போன் சொல்லுதா?”

“எங்க வீட்டு மாடிச் சுவரும் சொல்லுது.”

“வேங்கடேசண்ணே, எதுக்கு இந்த வேலை? மண்டபத்துல நிக்க வெச்சி எடுத்துடறேன். சூரியன், ஏரி, வாத்து, இன்னா வேணுமோ ஒட்டிக்கலாம்.”

வேங்கடேசன் எதிர்க்கரையைப் பார்த்தார், மனசுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். “யம்மா, நான் ஒண்ணு சொல்றேன். பொண்ணு கேட்டுச்சின்னு ஒத்துக்கினேன். ஞாயித்துக்கிழமை அந்தப் படம் வந்துச்சின்னா மறுநாள் முகூர்த்தத்துக்கு நீயே எடு. வரலன்னா காலையில தேவநாதன் எடுக்கட்டும். நீ கோச்சிக்கக் கூடாது.”

“கோச்சிக்க மாட்டேன். ஆனா வரும்,” என்றார் செல்வி.

வீட்டில் இன்னாசிராஜ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெடுநேரம் இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “முகூர்த்தத்துக்கு உன்னை வேணாம்னுட்டாங்கன்னா வட்டாரம் பூரா பரவிடும் செல்வி. தேவநாதன் சும்மா இருக்க மாட்டான். அப்புறம் ஒரு பயலும் உனக்கு வெளி ஆர்டர் குடுக்க மாட்டான். மறுபடியும் உள்ள ஒக்கார வேண்டியதுதான்.”

“நான் தப்பா எடுத்தேன்னு பரவட்டும், பரவாயில்ல. எடுக்கவே வுடலன்னு உள்ள ஒக்கார மாட்டேன்.”

அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். ஆட்டுக்காரர் தூரத்திலிருந்தே, “வந்துடுச்சிப்பா சூரியன் பாக்கற அம்மா,” என்று குரல் கொடுப்பார். “ஆமாங்க, வந்துட்டேன்,” என்று இவரும் குரல் கொடுப்பார். சூரியன் முள்மரங்களின் ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. பெண் அழைப்புக்கு முந்தைய ஞாயிறில்கூட அது இடைவெளியை எட்டவில்லை.

பெண் அழைப்பு ஞாயிறு வந்தது. செல்வி மத்தியானமே சித்ராவின் வீட்டுக்குப் போய்விட்டார். வானத்தில் மேகமில்லை. கூடத்தில் சித்ரா அலங்காரம் முடிந்து உட்கார்ந்திருந்தாள். வாசற்படியை மறித்தபடி ஒரு நாற்காலியில் அவளுடைய அத்தை வெள்ளையம்மாள் இருந்தார். வேங்கடேசனின் அக்கா. அந்த வீட்டில் நல்லது கெட்டது பார்க்கிறவர் அவர்தான். அவர் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது.

“பெரியம்மா, ஆறானதும் கிளம்பிடலாம் இல்லீங்களா?” என்றார் செல்வி.

“ஆறுக்கு ஒரு நொடி முன்னாடி இந்தப் படிய யாரும் தாண்டக் கூடாது. ஆறுக்கு அப்புறம் எனக்கின்னா? பறந்துகூடப் போங்க.”

செல்விக்கு அது நியாயமாகவே பட்டது. அவர் கேட்டதும் ஆறுக்கு அப்புறம்தான். ஆனால் சுவரை நிமிர்ந்து பார்த்தவர் உடனே போனையும் எடுத்துப் பார்த்தார். கடிகாரம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. போனுக்கும் அதற்கும் ஐந்து நிமிஷத்துக்குமேல் வித்தியாசம். அது ஆறு காட்டும்போது சூரியன் மறைய மூன்று நிமிஷம்கூட மீதி இருக்காது.

“பெரியம்மா, அந்தக் கடிகாரம் ஸ்லோவா ஓடுது. போன்ல பாருங்க.”

“அது எங்க அம்மா செத்த நேரத்தையும் சொல்லிச்சி, இவ பொறந்த நேரத்தையும் சொல்லிச்சி. உன் போனு நேத்து வந்தது.”

“எல்லார் போன்லயும் ஒரே நேரம்தாங்க…”

“எல்லாரும் பொய் சொன்னா நானும் நம்பணுமா?”

தேவநாதன் வீடியோ கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்தார். வேங்கடேசன் தாம்பாளம், மாலை என்று எதையோ தேடுவதுபோல நகர்ந்துவிட்டார். அக்காவிடம் அவர் எதிர்த்துப் பேசியதில்லை.

செல்வியின் போனில் ஆறு ஆனது. சுவரில் இன்னும் ஆகவில்லை. வாசலுக்கு வெளியே தென்னை ஓலைகளின் நுனி மட்டும் மஞ்சளாக இருந்தது. செல்வி கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சித்ராவைப் பார்த்தார். மணப்பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துப்போக போட்டோகிராபருக்கு உரிமை கிடையாது.

சித்ரா எழுந்தாள். புடவைக் கொசுவத்தைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நாற்காலிக்கும் கதவு நிலைக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கவாட்டில் நுழைந்து, படியைத் தாண்டினாள்.

“அடியே! எங்கடி போற?”

“ராகு போயிடுச்சி அத்தே. நானும் போறேன்.”

“கடிகாரம் இன்னும் அடிக்கலடி!”

“அது அடிக்கறப்ப நீ வா!”

பெண் வெளியே வந்துவிட்ட பிறகு மேளக்காரர்களால் சும்மா இருக்க முடியாது. மேளம் கொட்டியது. மேளம் கொட்டிய பிறகு வண்டி நிற்க முடியாது. திட்டிக்கொண்டே வெள்ளையம்மாளும் ஏறினார். “என் அண்ணன் தம்பிங்க பெத்ததுல இப்பிடி ஒண்ணு இல்ல. ஜல்தியாப் போயி இன்னா வாரிக்கப் போறா?”

ஐயனார் கோயிலில் வண்டி நின்றது. வேங்கடேசன் தேங்காயோடு இறங்கினார். ஆண்கள் மட்டும் இறங்கி உடைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். சித்ரா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். செல்வி அதற்கு முன்பே இறங்கி, கரைச் சரிவில் தான் பார்த்துவைத்திருந்த இடத்துக்கு ஓடியிருந்தார்.

சூரியன் முள்மரங்களின் முனையை விட்டு விலகி, வாய்க்கால் இடைவெளியில் வட்டமாக, முழுசாக நின்றது. அங்கிருந்து தண்ணீர் நெடுக ஒரே கோடாக வெளிச்சம் கரைவரை வந்தது.

“கொஞ்சம் இந்தப் பக்கம். மொகத்தைத் திருப்பாதே, ஏரியைப் பாரு!”

கேமராவைக் கண்ணில் வைத்தால் படச் சட்டத்துக்குள் தேவநாதனின் முதுகு. வீடியோ விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் நேராகக் குறுக்கே வந்து நின்றிருந்தார்.

“தம்பி, நவுரு.”

“இருங்க அண்ணி, நானும் எடுக்கணும் இல்ல?”

“என் வெளிச்சத்துல நிக்காதடா! நவுருடா அந்தாண்ட!”

இருபது வருஷமாக ஸ்டுடியோவுக்குள் குரல் உயராத பெண்ணிடமிருந்து அந்தச் சத்தம் வந்ததும் தேவநாதன் யோசிக்காமல் விலகிவிட்டார். ஆட்டுக்காரர்கூடத் தன் ஆடுகளை ஓரம் கட்டினார்.

அதற்குள் வெள்ளையம்மாள் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். “கல்யாணப் பொண்ணு கரையில எறங்குவியாடி?” என்று ஓடிவந்து சித்ராவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். சித்ரா அசையவில்லை. காலை ஊன்றிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். செல்வி யோசித்துவைத்திருந்த படம் சித்ரா தனியாக, அமைதியாக ஏரியைப் பார்க்கும் படம். அத்தையை விலகச் சொல்லி, அவர் மறுத்து, சமாதானம் செய்து முடிப்பதற்குள் சூரியன் போய்விடும். சட்டத்துக்குள் இருந்ததைப் பார்த்தார். இழுக்கிற கை, இழுபடாத கை, இரண்டு முகத்திலும் ஒரே மஞ்சள் வெளிச்சம். அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். சூரியனின் அடிப்பாகம் எதிர்க்கரையைத் தொட்டு, தட்டையாகி, கரைந்துபோகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார்.

வேங்கடேசன் உடைத்த தேங்காய் மூடியைக் கையில் வைத்தபடி வந்து கேமராவின் சின்னத் திரையைப் பார்த்தார். “எங்க அக்கா இவ்ளோ அழகா இருக்குமா?” என்றார்.

தேவநாதனும் எட்டிப் பார்த்தார். “படம் நல்லாத்தான் இருக்குது. அந்தம்மாவை மட்டும் அழிச்சிட்டா சூப்பரா இருக்கும். நான் பண்ணித் தர்றேன்.”

“யாரைடா அழிப்பே?” வெள்ளையம்மாள் சித்ராவின் கையை இன்னும் விடவில்லை. “கொண்டா, நான் பாக்கறேன்.” பார்த்தார். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார். “பொடவை தலைப்பு சரியா இல்ல,” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார்.

“யாரையும் அழிக்கறதில்ல, எதையும் ஒட்டறதில்ல,” என்றார் செல்வி. “இருந்தது இது. இதுதான் ஆல்பத்துல வரும்.”

வேங்கடேசன் தேவநாதன் பக்கம் திரும்பினார். நாளைக் காலை முகூர்த்தம் செல்விக்குத்தான் என்பதை எப்படிச் சொல்ல ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. செல்வி அதற்காகக் காத்திருக்கவில்லை. மண்டப வாசலில் பெண்ணுக்கு ஆரத்தி எடுக்கும்போது முதலில் இறங்க வேண்டியவர் போட்டோகிராபர். அதனால் பெண் வண்டியில் டிரைவருக்குப் பக்கத்து முன்சீட் போட்டோகிராபருக்குத்தான். அந்த சீட்டில் தேவநாதனின் வீடியோ பை கிடந்தது. செல்வி அதை எடுத்துப் பின்சீட்டுக்காரர்களிடம் நீட்டினார். யாரோ வாங்கிக்கொண்டார்கள். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, “கிளம்பலாம்ப்பா,” என்றார்.